எந்த மேசைக்கு எந்த மனு: தோட்டப் பட்டணத்து முதியவர்களுக்காகக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் வயதானவர்களுக்கு என்ன குறை என்று கேட்டுப் பாருங்கள். பஸ் உள்ளே வருவதில்லை, ஆஸ்பத்திரிக்குப் போக வாடகைக் கார் கட்டுப்படியாகவில்லை, லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) முன்னால் விளக்கு எரிவதில்லை, வெல்பர் பணம் (அரசாங்க நல உதவித் தொகை) கேட்டு எழுதியதற்குப் பதில் இல்லை என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இத்தனையையும் ஒரே தாளில் எழுதிச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கொடுத்துவிட்டு வந்தால் அந்தத் தாள் அங்கேயே கிடக்கும். ஒவ்வொரு குறையும் ஒவ்வொரு இலாகாவின் மேசைக்கு உரியது. எந்த மேசை என்று கண்டுபிடித்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது. மீதிப் பாதி, அந்த மேசைக்குத் திரும்பத் திரும்பப் போவது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். பிள்ளைகள் கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று பிழைப்பைத் தேடிப் போய்விட்டார்கள். லயங்களிலும் பட்டணத்தை ஒட்டிய மலிவு விலை வீடுகளிலும் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் தாத்தா பாட்டிகள். 2030-இல் மலேசியர்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியிருப்பார்கள் என்கிறது அரசாங்கக் கணிப்பு. நம் பக்கத்துத் தோட்டங்களுக்கு அந்த 2030 எப்போதோ வந்துவிட்டது.

முதலில் வீடு வீடாக

மனு எழுதும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போங்கள். இரண்டு பேராகப் போவது நல்லது. அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் பாட்டிமார்கள் மனம்விட்டுப் பேசுவார்கள்.

"உங்களுக்கு என்ன வேணும் பாட்டி?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எனக்கென்ன வேணும் தம்பி, ஆண்டவன் புண்ணியத்துல இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்துபோய்விடுவார்கள். ஆயுள் முழுக்கக் கிராணியிடமும் (தோட்டக் கணக்கர்) மண்டோரிடமும் (வேலை மேற்பார்வையாளர்) நின்று கேட்டு வாங்கிய தலைமுறை அது. இனியாவது யாரிடமும் கேட்காமல் இருக்கவேண்டும் என்று நினைக்கிறார்கள். அதனால் கேள்வியை மாற்றுங்கள். போன தடவை கிளினிக்குக்கு எப்படிப் போனீர்கள்? கூட யார் வந்தார்கள்? காருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? மருந்து தீர்ந்து எத்தனை நாள் கழித்து மறுபடி வாங்கினீர்கள்? ராத்திரியில் கழிப்பறைக்குப் போக வீட்டுக்கு வெளியே நடக்கவேண்டுமா? கடைசியாக எப்போது விழுந்தீர்கள்? பேங்கிலிருந்து பணத்தை யார் எடுத்துவந்து தருகிறார்கள்?

இதற்கெல்லாம் பதில் தானாக வரும். கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒருவர் தயங்கினால் அங்கேயே வற்புறுத்தாதீர்கள். வேறொரு நாள் தனியாகப் போய்ப் பேசுங்கள். ஏடிஎம் கார்டு பேரனிடமோ கடைக்காரரிடமோ இருக்கும் வீடுகள் உண்டு.

ஒவ்வொருவரின் ஐசி (அடையாள அட்டை) நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டிலேயே வாழ்ந்து நரைத்துப்போன பிறகும் குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசி வைத்திருப்பவர்கள் தோட்டப்புறத்தில் இருக்கிறார்கள். வெல்பர் உதவித் தொகை குடிமக்களுக்குத்தான் என்பதால் அவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். அவர்களுடைய வழக்கு தேசியப் பதிவிலாகாவில் தொடங்கி உள்துறை அமைச்சில் முடிவது. அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பித்தால் கடந்த 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டுகளாவது இங்கே வசித்திருக்கவேண்டும், மலாய் மொழியும் போதிய அளவு தெரிந்திருக்கவேண்டும். வசித்ததற்குப் பழைய தோட்டச் சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் என்று தேடி எடுத்துவிடலாம். மலாய் நேர்காணல்தான் பாட்டிகளைப் பயமுறுத்துவது. பேத்தி ஒருத்தியை உட்கார வைத்துத் தினமும் கொஞ்சம் பேசிப் பழக்குங்கள். இந்தப் பெயர்களைத் தனிப் பட்டியலாக வைத்து, மற்ற கோரிக்கைகளோடு கலக்காமல் நடத்துங்கள். இது நீண்ட ஓட்டம்.

இன்னொன்று: யாருடைய ஐசியையும் படம் எடுத்துப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் போடாதீர்கள். ஒரு குழுவில் போட்டது ஊரெல்லாம் சுற்றும், மோசடிக்காரன் கைக்கும் போகும். நோட்டுப் புத்தகம் ஒருவர் வீட்டில், ஒரே அலமாரியில் இருக்கட்டும்.

நிலம் யாருடையது?

புதிதாக இறங்குகிறவர்கள் இதைத்தான் கேட்க மறக்கிறார்கள். தோட்டப் பட்டணத்தில் பதில் வராமல் போகும் மனுக்களில் பாதி இங்கேதான் வழிதவறுகின்றன.

பட்டணத்தின் பெரிய சாலை பொதுப்பணி இலாகாவின் பராமரிப்பில் இருக்கலாம். தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிக்குள் இருக்கும் சாலையும் விளக்கும் கால்வாயும் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். தோட்டத்து நுழைவாயில் வளைவைத் தாண்டி உள்ளே நுழைந்துவிட்டால் அது கம்பெனி நிலம். அங்கே நகராண்மைக் கழகம் பொதுவாகக் கைவைக்காது. நிர்வாகியிடம் போனால், "இவர்கள் இப்போது என் தொழிலாளிகள் இல்லையே" என்பார். தோட்டத் தொழிலாளர்களின் வீட்டுக்கும் தண்ணீருக்கும் 1990-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டம் இருக்கிறது. மனிதவள அமைச்சின் தொழிலாளர் இலாகா அதை அமலாக்குகிறது. ஆனால் அது வேலை செய்கிறவரை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம். ஓய்வுபெற்று, மகன் பெயரிலோ நிர்வாகத்தின் தயவிலோ அதே லயத்தில் தங்கியிருக்கும் தாத்தா இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் நிற்கிறார்.

சரி, என்ன செய்வது? முதலில் அந்த லயத்தில் இன்னும் வேலையில் இருக்கும் குடும்பங்களைக் கண்டுபிடியுங்கள். ஒரே குழாய், ஒரே விளக்கு, ஒரே படிக்கட்டு. தாத்தாவின் பெயரால் கிடைக்காத பழுதுபார்ப்பு அடுத்த வீட்டுத் தொழிலாளியின் பெயரால், தொழிற்சங்கக் கிளை வழியாகக் கிடைக்கும். சங்கச் செயலாளரை முதல் நாளிலேயே கூட்டத்துக்கு அழையுங்கள்.

அடுத்தது பலருக்குத் தெரியாத வழி. மலேசியச் செம்பனைத் தோட்டங்களுக்கு எம்எஸ்பிஓ என்ற நிலைத்தன்மைச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயம். பெரிய கம்பெனிகள் பல, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக ஆர்எஸ்பிஓ என்ற அனைத்துலகச் சான்றிதழும் வைத்திருக்கின்றன. இரண்டிலும் சுற்றியுள்ள மக்களின் புகாரைப் பதிவு செய்து பதில் சொல்லும் முறை தோட்டத்தில் இருக்கவேண்டும். சுற்றுவட்டார மக்களோடு கலந்துபேசியதற்கும் தணிக்கையில் சான்று காட்டவேண்டும். தோட்ட ஆபீசுக்குப் போய், "உங்கள் புகார்ப் புத்தகத்தில் எழுதவேண்டும், அடுத்த கலந்துரையாடலுக்கு எங்களையும் கூப்பிடுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் தலையாட்டி அனுப்பும் நிர்வாகம், புத்தகத்தில் ஏறிய புகாருக்கு ஏதாவது ஒரு பதில் எழுதித்தான் ஆகவேண்டும். தணிக்கையாளர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவார்.

பஸ்ஸும் இப்படித்தான். தீபகற்பத்தில் பஸ் உரிமங்களைப் பார்ப்பது பொது நிலப் போக்குவரத்து நிறுவனம், அதாவது அப்பாட். தனியார் தோட்டச் சாலைக்குள் பஸ் விடச் சொல்லிக் கேட்டால் உரிமம், சாலை, கம்பெனி அனுமதி என்று மூன்று கதவு தட்டவேண்டும். என் யோசனை, அந்தச் சண்டைக்குப் போகாதீர்கள். கிளினிக் நாள்களில் மட்டும் ஒரு வேன் கேளுங்கள். அதை ஒரு சட்டமன்ற உறுப்பினரின் ஒதுக்கீட்டிலேயே ஓட்டிவிடலாம்.

கேட்காமலே உள்ளவை

புதிதாக ஒன்றைக் கேட்பதற்கு முன், சட்டப்படி ஏற்கெனவே கிடைக்கவேண்டியதை வாங்கிக்கொடுங்கள். ஊர் உங்களை நம்புவதற்கும் அதுதான் வழி.

மாதாந்திர முதியோர் உதவித் தொகையைத் தருவது சமூக நல இலாகா. சுங்கை சிப்புட்காரர்களுக்கு அதன் மாவட்ட அலுவலகம் கோலகங்சாரில் இருக்கிறது, இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். 2025 ஜனவரியிலிருந்து மாதம் 600 ரிங்கிட். 60 வயதாகியிருக்கவேண்டும், நிலையான வருமானம் இருக்கக்கூடாது, தாங்கிக்கொள்ளும் நிலையில் குடும்பம் இல்லாதிருக்கவேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் நம் தாத்தா பாட்டிகள் சறுக்குகிறார்கள். அதிகாரி வீட்டுக்கு வந்து, "பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்களா?" என்று கேட்கிறார். அந்நியர் முன்னால் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? "என் மகன் தங்கமானவன், எல்லாம் செய்றான்" என்று சொல்லிவிடுவார். விண்ணப்பம் அங்கேயே முடிந்தது. பொய் சொல்லச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அது தவறு, பின்னால் பிடிபடும். கணக்காகச் சொல்லப் பழக்குங்கள். மகன் எந்தெந்த மாதம் எவ்வளவு அனுப்பினான், அவன் சம்பளம் என்ன, அவனுக்கு எத்தனை பிள்ளைகள், மருந்துக்கும் காருக்கும் எவ்வளவு போகிறது. ஒரு தாளில் எழுதி, பேங்க் புத்தகத்தோடு வைத்துவிட்டால் பாட்டி யாரையும் குறை சொல்லவேண்டியதில்லை. மகனைக் கூப்பிட்டு அவனே சொல்லும்படி செய்தால் இன்னும் நல்லது.

மருந்து விஷயத்தில் ஒரு பெரிய நிம்மதி இருக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும். ஈப்போ ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்கிறவர், அடுத்தடுத்த மாத மருந்தை வாங்க ஒவ்வொரு தடவையும் ஈப்போவுக்கே போகவேண்டியதில்லை. வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிலோ ஆஸ்பத்திரியிலோ வாங்கிக்கொள்ளும் முறை உண்டு. அதன் பெயர் எஸ்பியுபி. ஆஸ்பத்திரி மருந்தகத்தின் கவுண்டரில் அந்தப் பெயரைச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். சில இடங்களில் தபாலிலும் மருந்து அனுப்புகிறார்கள். படுத்த படுக்கையாகிவிட்டவருக்குச் சுகாதார அமைச்சின் வீட்டுப் பராமரிப்புச் சேவை இருக்கிறது. தாதியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வருவார்கள். இதற்கு ஆஸ்பத்திரியின் பரிந்துரை வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே வார்டில் கேட்டுவிடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்டிஆர் என்ற அரசாங்க ரொக்க உதவி வாங்கும் 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு. நடக்கமுடியாதவர்களுக்கு மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தால் சக்கர நாற்காலி போன்ற உதவிக் கருவிகளுக்குச் சமூக நல இலாகாவில் விண்ணப்பிக்கலாம். கணவர் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா கட்டிக்கொண்டிருந்தபோது இறந்திருந்தால், நிபந்தனைகள் பொருந்தினால், மனைவிக்கு வாரிசு ஓய்வூதியம் உண்டு; பழைய சம்பளச் சீட்டுகளோடு, சொக்சோவை நடத்தும் பெர்கேசோவில் விசாரியுங்கள். கைவிடப்பட்டவர், அடிபடுகிறவர் என்று தெரிந்தால் பட்டியல் போட்டுக்கொண்டிருக்காமல் உடனே 15999-ஐ அழையுங்கள்; அது தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி.

ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

இப்போது நோட்டுப் புத்தகத்தை விரித்து, எதைக் கேட்பது என்று முடிவு செய்யவேண்டும். ஒன்றுதான். "முதியோருக்குப் போக்குவரத்து வசதி செய்து தரவேண்டும்" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள், செய்யவும் மாட்டார்கள். "இந்த மூன்று தோட்டங்களிலிருந்து கிளினிக்கின் நீரிழிவு நாளன்று காலை ஏழு மணிக்கு ஒரு வேன், பகலில் திரும்ப ஒரு நடை, இதை ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கலாம்" என்று கேட்டால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லித்தான் ஆகவேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை வயதானவர்களே முடிவு செய்யட்டும். கோவில் மண்டபத்தில் ஒரு பிற்பகலில் உட்கார வைத்துக் கை தூக்கச் சொல்லுங்கள். இளைஞர்கள் பகல் நேர நடவடிக்கை மையம் வேண்டும் என்பார்கள். சமூக நல இலாகாவின் ஆதரவில் நடக்கும் அந்தப் 'பாவே' மையங்கள் நல்லவைதான். ஆனால் நடத்த ஒரு பதிவு பெற்ற சங்கம், இடம், ஆள் எல்லாம் வேண்டும். கிழவிகள் பெரும்பாலும் கைப்பிடிக் கம்பி, விளக்கு, வேன் என்று சொல்வார்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

யார் பெயரில்?

ஏழு பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து சங்கமாக இயங்கினால் 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி பதியவேண்டும். புதிதாகப் பதியக் காலம் பிடிக்கும். அதற்குள், ஏற்கெனவே பதிவுள்ள மாதர் சங்கம், கோவில் நிர்வாகம், முன்னாள் மாணவர் சங்கம் ஒன்றின் துணைக்குழுவாக இயங்கலாம். கோவிலைத் தேர்ந்தெடுத்தால் தலைவர் தேர்தல் எப்போது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு அணி மோதும் நேரத்தில் நுழைந்தால் உங்கள் வேனும் ஒரு அணியின் வேனாகிவிடும்.

குழுவில் பாதிப் பேராவது அறுபதைத் தாண்டியவர்களாக இருக்கட்டும். தமிழ்ப்பள்ளியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். மலாயில் எழுதவும் தெரியும், ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சும் இருக்காது.

கடிதம்

மலாயில், ஒரே பக்கம். என்ன கேட்கிறோம் என்பது தலைப்பு வரியிலேயே இருக்கட்டும். அடுத்து எத்தனை பேர், எந்த இடம், இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள், எவ்வளவு செலவாகிறது. நோட்டுப் புத்தகம் இங்கேதான் உதவும். பெயர்களை எழுதாமல் எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். அரசாங்கத்தின் 2011-ஆம் ஆண்டு தேசிய மூத்த குடிமக்கள் கொள்கையை ஒரு வரியில் குறிப்பிடலாம், அதற்கு மேல் கொள்கை விளக்கம் வேண்டாம். கையொப்பமிட முடியாதவர்கள் கைரேகை வைக்கட்டும்.

பொறுப்புள்ள இலாகாவுக்கு மூலக் கடிதம். நாடாளுமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், நகராண்மைக் கழக உறுப்பினர் ஆகியோருக்கு நகல், அதுவும் கடிதத்தின் அடியிலேயே தெரியும்படி. ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டதிலிருந்து நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது; ஓட்டுக்காக உங்கள் வாசலுக்கு வராதவரை நீங்கள்தான் தேடிப் போகவேண்டும். உங்கள் வட்டாரத்துக்கு யார் என்று கழக அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

கடிதத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சாப் (அலுவலக முத்திரை) குத்தி வாங்குங்கள். அந்தச் சாப் இல்லாத கடிதம் எழுதாத கடிதம். அப்புறம் கவுண்டர் சுவரைப் பாருங்கள்: எத்தனை நாளில் பதில் தருவோம் என்று அவர்களே எழுதிய வாடிக்கையாளர் சாசனம் தொங்கும். அந்த நாள் கடந்ததும் நகலோடு போய் நில்லுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பிரதமர் துறையின்கீழ் உள்ள பொதுப் புகார்ப் பிரிவில் இணையம் வழியாகப் பதியலாம்.

கிளினிக் சம்பந்தப்பட்ட குறையானால் கடிதத்துக்கு முன் வேறொரு கதவு உண்டு. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் ஊர்க்காரர்களைக் கொண்ட ஆலோசனைக் குழுவும், பல இடங்களில் முதியோர் கிளப்பும் இருக்கின்றன. அவற்றில் நம்மவர்கள் அதிகம் உட்காருவதில்லை. உங்கள் குழுவிலிருந்து ஒருவரைச் சேர்த்துவிட்டால், உட்கார நிழல், தமிழ் தெரிந்த ஆள், வரிசையில் முன்னுரிமை போன்றவற்றை மனு இல்லாமலே பேசி முடித்துவிடலாம்.

அரசியல்வாதி, பத்திரிகை, போலீஸ்

தீபாவளிக்கு ஹேம்பர் தந்து படம் எடுக்க வருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், அரிசியும் எண்ணெயும் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் யாரும் இல்லை. ஆனால் அதே மேடையில் ஒரு பாட்டியின் கையால் உங்கள் ஒரு பக்கக் கடிதத்தைக் கொடுக்கச் செய்யுங்கள், அதையும் படம் எடுங்கள். எந்தக் கட்சிக் கொடியையும் குழுவுக்குள் விடாதீர்கள். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி இரண்டுக்கும் ஒரே கடிதம் போகட்டும்.

மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர் ஏதாவது ஒன்றில் செய்தி வந்தால் நம் சமூகத் தலைவர்கள் பார்ப்பார்கள். இலாகா அதிகாரி பார்க்கவேண்டுமானால் மலாய்ப் பத்திரிகையிலும் வரவேண்டும். நிருபரிடம் ஒரு முதியவரின் கதையைச் சொல்லுமுன் அவருடைய சம்மதத்தை வாங்குங்கள், கோலாலம்பூரில் இருக்கும் மகனின் காதிலும் போட்டுவிடுங்கள். மகனைப் பற்றி ஊரே பேசும்படி ஆனால் அந்தப் பாட்டி இனி உங்களுக்குக் கதவு திறக்கமாட்டார்.

நாலைந்து பேராகப் போய் மகஜர் கொடுப்பதே போதும். கூட்டமாகத்தான் போகவேண்டும் என்றால், அமைதிப் பேரணிச் சட்டப்படி மாவட்டப் போலீஸ் தலைவருக்கு 5 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்கவேண்டும். வயதானவர்களை வெயிலில் நிறுத்தாதீர்கள்; காலையிலேயே, நிழலில், தண்ணீரோடு.

கிடைத்த பிறகு

வேன் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் ஒழுங்காக வரும். பிறகு ஓட்டுநர் விடுப்பு, பழுது, பெட்ரோல் காசு இன்னும் வரவில்லை என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும். வேன் நிற்கும் கடையில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு நடையிலும் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏறினார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். ஏறியவர்களே எழுதினால் இன்னும் நல்லது.

மத்திய அரசின் பட்ஜெட் அண்மை ஆண்டுகளில் அக்டோபரில் தாக்கலாகிறது, மாநிலங்கள் அதையொட்டி வருகின்றன. அடுத்த ஆண்டுக்கான ஒதுக்கீட்டைச் சேவை மையத்தில் அதற்கு முன்பே, ஆகஸ்டு செப்டம்பரில் கேட்டுவிடுங்கள். கடை நோட்டின் நகலை அந்தக் கடிதத்தோடு இணையுங்கள். யாராவது பெயர் எழுதியிருந்தால் அதை மட்டும் மறைத்துவிட்டு.